தகரக் குவளையில் பொன்விழா

1

நான் வேலை செய்யும் பத்திரிகைக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது. லண்டனில் வெளிவரும் கோல்ஃப் பத்திரிகை. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் சீட்டு கிழிந்துவிடும். போன வருடம் பொன்விழா மலர் போட்டார்கள். இந்த வாரம், ஐம்பத்தோராம் ஆண்டு விருந்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதே கிளப், அதே மதிய விருந்து. கவரைப் பிரித்ததும் மறுபடி மூடி மேஜைமேல் போட்டுவிட்டேன். ஏன் என்று ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கோல்ஃப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெள்ளைப் பந்து. அதை நீளமான ஒரு கழியால் அடித்து அடித்து, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற ஒரு குழிக்குள் தள்ள வேண்டும். தள்ளிய பிறகு நீங்களே குனிந்து பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போக வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழி. அவ்வளவுதான் ஆட்டம். இதற்காக, நம் பக்கத்தில் ஒரு தெருவே உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நிலத்தை வளைத்துப் போட்டு வெறும் புல் வளர்க்கிறார்கள். அந்தப் புல்லை மாடு மேயக் கூடாது.

என் வேலை சந்தாதாரர் முகவரிப் பிரிவில். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு சின்னத் தகடு உண்டு. அதில் அவர் பெயரும் விலாசமும் எழுத்தெழுத்தாகப் பதிந்திருக்கும். அதை மெஷினில் கொடுத்தால் உறைமேல் விலாசம் விழும். யாராவது வீடு மாறினால் புதுத் தகடு அடிக்க வேண்டும். செத்துப்போனால் தகட்டைத் தூக்கிப் போட வேண்டும். காலையிலிருந்து மாலைவரை துரைமார் பெயர்களைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருப்பவன் நான். ஊரில் மட்டும் எனக்குப் 'பத்திரிகைக்காரர்' என்று பெயர். அது என் அண்ணன் செய்த வேலை.

2

அண்ணன் உத்திரமேரூரில் இங்கிலீஷ் வாத்தியார். எங்கள் அப்பா கோயில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அந்த வேலை அண்ணனுக்குப் பிடிக்கவில்லை, படித்து வாத்தியாரானார். நான் படித்துக் கப்பலேறினேன். அண்ணனைப் பொறுத்தவரை கப்பலேறியது நானல்ல, எங்கள் வீடே ஏறியது.

மாதா மாதம் ஆபீசில் மிஞ்சும் ஒரு பிரதியை அவருக்குத் தபாலில் அனுப்பி வந்தேன். ஏதோ இங்கிலீஷ் படிக்க உதவுமே என்றுதான் அனுப்பினேன். அவர் அதைப் பாராயணம் பண்ண ஆரம்பித்துவிட்டார். கோல்ஃப் பந்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கழியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பையன்களுக்குப் பிரம்பை வைத்துச் செய்து காட்டியிருக்கிறார். கனவான்கள் எப்படிக் கடிதம் எழுதுவார்கள் என்பதற்கு எங்கள் பத்திரிகையின் வாசகர் கடிதங்களைத்தான் பாடமாக நடத்தினார். காஞ்சிபுரத்துக்கு பஸ் லேட்டானால்கூட, "துரைங்க ஊர்ல இப்டி நடக்குமா?" என்று கண்டக்டரிடம் கேட்பாராம். அண்ணி எழுதியிருந்தாள்.

அவர் படித்து முடித்த பிரதிகள் ஊர் முழுக்கப் பரவின. அந்தத் தாள் வழவழவென்று கெட்டியாக இருக்கும், கிழியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டார்கள். அண்ணி ஊறுகாய் ஜாடிகளுக்குக் கீழே விரித்தாள். பஜார் தெருச் சலூன்காரர், கழியைத் தோளுக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு துரையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். அவர் யாரை அடிக்கப் போகிறார் என்று சவரம் செய்ய வந்தவர்கள் கேட்டார்களாம்.

பொன்விழா வருகிறது என்று எழுதியதும் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. பத்திரிகையின் சரித்திரத்தைப் போடுவார்கள், அதில் உன் படமும் வருமல்லவா, அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படிப்பகத்தில் மாட்டப்போகிறேன், தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தார். விருந்தன்று கிளப் வாசலில் ஆபீஸ் பியூன் முதல் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று ஆசிரியர் ஏற்கெனவே அறிவித்திருந்தார். வரும் என்று நானும் தைரியமாக எழுதிவிட்டேன்.

3

சரித்திரம் எழுத ஆரம்பித்தபோது, பழைய வால்யூம்களை மேல்மாடியிலிருந்து இறக்கிக்கொடுக்கும் வேலையை ஆசிரியர் என்னிடம் தந்தார். தூசி தட்டும்போது புரட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்தேன்.

இதை ஆரம்பித்தவர் விளையாட்டுக்காரர் இல்லை, புல் விதை வியாபாரி. முதல் இதழ்களில் பாதி விதை விளம்பரம், மீதி உரம். புல் விற்க வேண்டுமானால் மைதானம் வேண்டும். மைதானம் வேண்டுமானால் ஆட வேண்டும் என்று ஜனங்களுக்குத் தோன்ற வேண்டும். அதற்காகத்தான் நடுவில் நாலு பக்கம் ஆட்டத்தைப் பற்றி எழுதினார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. பிறகு மகன் வந்து விதையை விட்டுவிட்டுப் பத்திரிகையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பிறகு நடந்ததைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கட்டை விரலை இப்படி வைக்காதே, அப்படி வை என்று ஒரு இதழில் எழுதுவார்கள். நாடு முழுக்கக் கட்டை விரல்கள் இடம் மாறும். அடுத்த வருடம் பழையபடி வை என்பார்கள், அதற்கும் மாறும். எந்தத் தொப்பி, எந்தக் கால்சட்டை, தோற்றவனுக்கு எப்படிக் கை கொடுப்பது, ஜெயித்தவன் எவ்வளவு சிரிக்கலாம், எல்லாம் இவர்கள் வைத்ததுதான் சட்டம். நைரோபியிலும் சிங்கப்பூரிலும் மதராஸிலும் இருந்த துரைமார் இதைப் பார்த்துத்தான் கிளப் கட்டினார்கள். அந்தத் தகடுகளில் பல இன்னும் என் மேஜையில் இருக்கின்றன.

பழைய வால்யூம்களில், கிளப் நடத்துகிறவர்களுக்கு யோசனை சொல்லும் பகுதி வருடக்கணக்கில் ஓடியிருந்தது. புல்லுக்குக் களை எடுப்பது எப்படி என்று ஒரு இதழில், அங்கத்தினரில் களை எடுப்பது எப்படி என்று அடுத்த இதழில். யூதரை எப்படி நாசூக்காகத் தட்டிக்கழிப்பது, காலனிகளிலிருந்து வருகிறவர்கள் விண்ணப்பித்தால் 'இடம் காலியில்லை' என்று எப்படிப் பதில் எழுதுவது, வேலைக்காரர்களும் கறுப்பு மனிதர்களும் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று பதமாக, மரியாதையாக எழுதியிருந்தார்கள். வசைச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. திட்டியிருந்தாலாவது மனிதன் எழுதியது என்று நினைத்திருப்பேன்.

ஆசிரியர் எழுதிய சரித்திரத்தில் புல் விதை வந்தது, கட்டை விரல் வந்தது, அரச குடும்பத்தார் சந்தா கட்டியது வந்தது. இது வரவில்லை. நல்ல மனிதர், என்னைப் பார்த்தால் எப்போதும் சிரிப்பார். என் பெயரில் பாதியை வெட்டிவிட்டு 'நாட்' என்று கூப்பிடுவார்.

4

விருந்துக்கு முந்தின நாள் அவர் என் மேஜைக்கு வந்தார். சிரிக்கவில்லை. கிளப்பில் ஏதோ பழைய வழக்கம் இருக்கிறதாம்; அவருக்கும் பிடிக்காதாம்; ஆனாலும் அது அவர்கள் வீடு, நாம் விருந்தாளிகள் என்றார். விருந்தில் பார்வைக்கு வைக்கும் பழைய வால்யூம் பெட்டிகளை வேனில் கொண்டுபோய்ப் பின்பக்கம் இறக்க ஓர் ஆள் வேண்டும், நான் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் பெரிய உபகாரமாக இருக்கும் என்றார். பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாரே தவிர உள்ளே வராதே என்று சொல்லவில்லை. அந்த நாசூக்கைக் கண்டு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சரி என்றேன். பொண்டாட்டி பிள்ளை இருக்கிறவன் வேறென்ன சொல்வான்?

பொன்விழாவுக்கென்று தைத்த சூட்டைப் போட்டுக்கொண்டே போனேன். என் மனைவி சரசு கழுத்துப்பட்டையைச் சரிசெய்து அனுப்பினாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

கிளப்பின் பின்பக்கம் ஒரு மரக் கொட்டகை. ஆடுகிறவர்களின் கழிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிற கூலி ஆட்கள் இளைப்பாறும் இடம். எல்லோரும் வயதான வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கும் முன் வாசல் கிடையாது. பெட்டிகளை இறக்கினேன். முன்பக்கத்தில் படம் எடுப்பவர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் பியூன் சிரிப்பது தனியாகக் கேட்டது. அவன் வெள்ளைக்காரன், அதனால் முன்பக்கம்.

கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டிலிருந்து ஒருவர் வந்து, ஒரு தட்டில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் கொடுத்தார். அடுத்தது டீ. கூலி ஆட்களின் பீங்கான் கோப்பைகள் அலமாரியில் வரிசையாக இருந்தன. அவர் அதில் எதையும் எடுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு தகரக் குவளை தொங்கியது. அதை எடுத்து, அதில் ஊற்றிக் கொடுத்தார். சாமான் கொண்டுவருகிற வெளியாட்களுக்கு என்று அதை வைத்திருக்கிறார்களாம். விளிம்பில் பழுப்பாக ஒரு கறை படிந்திருந்தது. எத்தனை பேர் வாய் வைத்ததோ.

குளிர். எனக்கு டீ வேண்டும். அப்போது என் கை தானாக ஒரு காரியம் செய்தது. குவளையை உயரத் தூக்கி, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் வாய்க்குள் ஊற்றிக்கொண்டேன். நம் வீடுகளில் சொம்புத் தண்ணீர் குடிப்போமே, அப்படி. சூடான டீயை அப்படிக் குடித்துப் பாருங்கள், தெரியும். நாக்கு வெந்தது. பாதி டீ புது சூட்டுக்குள் இறங்கியது. கூலி ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இது உங்கள் மதமா என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

5

மலர் வெளிவந்த மாதமே ஊருக்குக் கப்பலேறினோம். கடைசியாக ஊருக்குப் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. அண்ணனுக்காகப் பத்துப் பிரதிகள் பெட்டியில் இருந்தன. பம்பாய்த் துறைமுகத்தில் சுங்க அதிகாரி அவற்றை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, விற்பனைக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். பின் எதற்கு ஒரே புத்தகம் பத்து என்றார். ஒரு பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆபாசப் படம் இருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. புல்லைத் தவிர ஒன்றுமில்லை. ஏமாற்றத்தோடு ஒரு பாரத்தை நீட்டி, அதைப் பூர்த்தி செய்து அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொன்னார். அடுத்த ஜன்னல்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்.

எங்கள் பையன் சேகருக்குப் பதினொரு வயது. நான்கு நாள் ஊரில் இருந்ததும் அவனைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது. ஒட்டடைக் கழியை எடுத்து, பத்திரிகையில் போட்ட மாதிரி கட்டை விரலை வைத்துக்கொண்டு, எருமுட்டைகளைக் குறிபார்த்து அடித்தான். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொன்னான். சொம்பைக் கொடுத்தால் வாய் வைத்துக் குடித்தான். அண்ணி பதறிப்போய்ப் பிடுங்கி, புளி போட்டுத் தேய்த்தாள். "அண்ணாந்து குடிக்கக்கூடவா சொல்லிக் குடுக்கல?" என்று சரசுவிடம் கேட்டாள். பையனுக்கு எதற்குத் திட்டினார்கள் என்றே புரியவில்லை.

அண்ணன் மலரைக் கையில் வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சரித்திரத்தை முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். படத்துக்கு வந்ததும் நிறுத்தினார். கிளப் வாசற்படியில் நாற்பது ஐம்பது பேர் நிற்கிற படம். அடியில், 'எங்கள் பத்திரிகைக் குடும்பம் முழுவதும்' என்று போட்டிருந்தது. அவர் ஒவ்வொரு முகமாக விரல் வைத்துக்கொண்டு போனார். கடைசி வரிசைக்குப் போய்விட்டு மறுபடி முதல் வரிசைக்கு வந்தார்.

"எங்கடா நீ?" என்றார்.

கப்பலில் வரும்போது இதற்கென்று இரண்டு மூன்று பொய்கள் யோசித்து வைத்திருந்தேன். படம் பிடித்தபோது காய்ச்சல் என்று ஒன்று. தூணுக்குப் பின்னால் மறைந்துவிட்டேன் என்று ஒன்று. அவர் விரல் அந்தப் படத்தில் மறுபடி தேடுவதைப் பார்த்ததும் அதையெல்லாம் மறந்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிட்டேன். பின்பக்கம், கொட்டகை, தனிக் குவளை, எல்லாம்.

அண்ணன் மலரை மூடினார். பிறகு எழுந்தார். அவர் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"மனுஷன வூட்டுக்குள்ள வுடாம, கொல்லப்பக்கம் நிக்க வெச்சி, தனி கிளாஸ்ல ஊத்திக் குடுக்கறதா? இன்னா ஜென்மங்கடா அதுங்க?"

பத்து வருடமாகப் பாராயணம் செய்த பத்திரிகையைச் சுருட்டித் தரையில் அடித்தார். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் உள்ளேயே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கோபம் ஒரு படி ஏறியது. தினசரிக்குக் கடிதம் எழுதப்போவதாகவும், மந்திரிக்கு மனு போடப்போவதாகவும் சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது சுகமாக இருந்தது. என் சார்பில் கத்துவதற்கு அந்தத் தேசத்தில் ஒருவரும் இருந்ததில்லை.

6

சத்தம் தாங்காமல் கொல்லைப்பக்கம் போனேன். முனியம்மா வந்திருந்தாள். ஏரிக்கரைக் குடிசைகளில் இருப்பவள். எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொள்கிறவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து கொல்லை வழியாகத்தான் வந்து போகிறாள். இன்றுவரை சமையலறை வாசலைத் தாண்டி அவள் வந்து நான் பார்த்ததில்லை. மாட்டுக்கொட்டகைக் கூரையின் ஓலையில் செருகியிருந்த அலுமினிய டம்ளரை அவளே எடுத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்தாள். அண்ணி வந்து, டம்ளரில் பாத்திரம் படாமல் உயரத் தூக்கிக் காபியை ஊற்றினாள்.

நான் இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிற மாதிரி இருந்தது. அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, உள்ளே இருக்கிற டம்ளர் ஒன்றில் கொடுத்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டேன்.

அண்ணி கோபப்படவில்லை. "நீ கப்பலேறிப் பூடுவே. இந்தத் தெருவுல நான் இருக்கணும்" என்றாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் ஆசிரியர் என் மேஜைக்கு வந்து பேசியதைவிட அவள் நேராகப் பேசினாள், அதுதான் வித்தியாசம்.

"இன்னா சின்னய்யா, பெரியய்யா யார இப்டித் திட்டிக்கினு கீறாரு?" என்று முனியம்மா கேட்டாள்.

சொன்னேன். நான் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு விருந்து. என்னை மட்டும் உள்ளே விடவில்லை. பின்னால் ஒரு கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார்கள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. ஏதோ அடுத்த வீட்டு மாடு கன்று போட்ட சேதியைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள்.

"சோறாவது போட்டாங்களா?"

போட்டார்கள் என்றேன். டீயும் கொடுத்தார்கள், வெளியாட்களுக்கென்று ஆணியில் மாட்டியிருந்த தகரக் குவளையில் ஊற்றினார்கள் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் குவளையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது, நான் வாய் வைக்கவில்லை, அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன், நாக்கு வெந்து சட்டையெல்லாம் நாறிப்போயிற்று என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன்? அவள் ஐயோ பாவம் என்பாள் என்றுதான்.

முனியம்மா என்னையே பார்த்தாள். கையிலிருந்த அலுமினிய டம்ளரைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். காபி தளும்பிவிடாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒங்குளுக்குன்னே தனியா வெச்ச கிளாஸு," என்றாள். "அதுலயும் வாய் வெக்கலியா சின்னய்யா நீங்க?"

பிறகு டம்ளரை எடுத்து, வாய் வைத்து, காபியை நிதானமாகக் குடித்து முடித்தாள். கழுவி, பழையபடி ஓலையில் செருகினாள். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகும்போதும் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அண்ணன், மனுஷனை மனுஷனாக மதிக்கத் தெரியாத ஜனங்கள் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வருட அழைப்பு மேஜைமேல் அப்படியே கிடக்கிறது. போகப் போவதில்லை என்று சரசுவிடம் சொல்லிவிட்டேன். கிளப்புக்காரர்கள்மேல் எனக்கு ரோஷம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ரோஷம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் போனால் அந்தக் குவளையைத்தான் மறுபடி கொடுப்பார்கள். நான் மறுபடி அண்ணாந்துதான் குடிப்பேன்.